குழாய் ரியாக்டரைக் கணினியில் கணக்கிடுதல்: கையால் போடும் கணக்கில் தொடங்கி ஆய்வக ஒப்பீடு வரை

வினையும் ஓட்டமும் விரவலும் (மூலக்கூறுகள் செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தாமே பரவுவது) சேர்ந்து நடக்கும் எந்தச் சிமுலேஷனும் ஒரு விடையைத் தந்துவிடும். தவறான மாடலும் வண்ணப்படம் தரும், தவறான சராசரியும் நான்கு தசம இலக்கம் தரும். அதனால் விடை எந்த இரண்டு எண்களுக்கு நடுவே விழ வேண்டும் என்பதைப் புரோகிராமைத் தொடும் முன்பே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். இந்த வழிகாட்டி, ஓடிக்கொண்டே திரவம் வினைபடும் ஒரே ஒரு குழாயை எடுத்து, அந்த எல்லையைக் கண்டுபிடிப்பதிலிருந்து ஆய்வக அளவோடு ஒப்பிடுவது வரை கொண்டுபோகிறது. எண்கள் எல்லாவற்றையும் கால்குலேட்டரில் நீங்களே சரிபார்க்கலாம்.

எடுத்துக்கொள்ளும் வினை: எத்தில் அசிட்டேட்டும் சோடியம் ஹைட்ராக்சைடும் நீரில் வினைபட்டு சோடியம் அசிட்டேட்டும் எத்தனாலும் தருவது. இது இரண்டாம் வகை வினை, அதாவது வேகம் இரண்டு செறிவுகளின் பெருக்கலைப் பொறுத்தது. 25 டிகிரி செல்சியஸில் வேக மாறிலி சுமார் 0.11 லிட்டர்/(மோல்·விநாடி), கிளர்வு ஆற்றல் சுமார் 47 கிலோஜூல்/மோல். குழாய் நேரானது, உள்விட்டம் 10 மி.மீ., நீளம் 10 மீட்டர், சராசரி வேகம் 0.02 மீ/வி. நிமிடத்துக்கு சுமார் 94 மி.லி. ஓட்டம். நுழைவாயிலில் நன்கு கலந்த பின் இரண்டு பொருள்களும் தலா 0.05 மோல்/லிட்டர். தங்கு நேரம், அதாவது திரவம் குழாய்க்குள் சராசரியாக இருக்கும் நேரம், 500 விநாடி.

முதல் படி: அலகுகளும் வேக மாறிலியும்

கணக்கு முழுவதையும் மீட்டர், விநாடி, மோல், கெல்வினில் வையுங்கள். செறிவு 50 மோல்/மீ³ ஆகும். வேக மாறிலி 1.1×10⁻⁴ மீ³/(மோல்·வி) ஆகும். இந்த ஆயிரம் மடங்கில் தவறுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. ஓட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் போன்ற மென்பொருள்கள் கிலோமோலில் எண்ணும். லிட்டர்/மோலும் மீ³/கிலோமோலும் ஒன்றே என்பதால் அங்கே எண் 0.11 ஆகவே இருக்கும். அதை ‘திருத்துகிறேன்’ என்று ஆயிரத்தால் வகுத்தால் வினையே நடக்காத குழாய்தான் கிடைக்கும்.

வேக மாறிலி வெப்பநிலையோடு மாறுவதைச் சொல்லும் அர்ரீனியஸ் சமன்பாட்டின் (வேக மாறிலி = முன்காரணி × e^[−கிளர்வு ஆற்றல் ÷ (வாயு மாறிலி × வெப்பநிலை)]) முன்காரணியை வட்டமாக எழுதாதீர்கள். மேலே உள்ள மதிப்புகளுக்கு அது 1.89×10⁷ லிட்டர்/(மோல்·வி). அதை 2×10⁷ என்று வட்டமிட்டால் வேகம் கிட்டத்தட்ட 6% கூடிவிடும். அதைவிட மோசமானது, முன்காரணியை ஓரிடத்திலிருந்தும் கிளர்வு ஆற்றலை வேறோர் இடத்திலிருந்தும் எடுப்பது. முன்காரணி மாறாமல் கிளர்வு ஆற்றலை மட்டும் 1 கிலோஜூல் குறைத்தால், 25 டிகிரியில் வேகம் ஒன்றரை மடங்காகிறது. இதைத் தவிர்க்க, ஒரு குறிப்பு வெப்பநிலையில் தெரிந்த வேக மாறிலியை அடிப்படையாக வைத்து, 1/வெப்பநிலை − 1/குறிப்பு வெப்பநிலை என்ற வித்தியாசத்தை மட்டும் அடுக்கில் போடும் வடிவத்தில் எழுதுங்கள். அப்போது கிளர்வு ஆற்றலில் உள்ள பிழை குறிப்பு வெப்பநிலைக்கு அருகே விடையைப் பெரிதாகத் தொடாது.

இரண்டாம் படி: எந்த மாடல் என்று எண்களே சொல்லட்டும்

ரெனால்ட்ஸ் எண் (வேகம் × விட்டம் ÷ இயக்கப் பாகுநிலை) சுமார் 224. ஓட்டம் வரிச்சீர் ஓட்டம், அதாவது சுழலாமல் அடுக்கடுக்காகப் போவது; சந்தேகமே இல்லை. வேகப்பரவல் முழுதாக உருவாக 0.05 × ரெனால்ட்ஸ் × விட்டம், அதாவது சுமார் 11 செ.மீ. போதும். 10 மீட்டரில் அதை ஒதுக்கிவிடலாம். ஆக வேகம் பரவளைய வடிவம்: நடுவில் 0.04 மீ/வி, சுவரில் பூஜ்ஜியம்.

இப்போது விரவல். நீரில் இந்த மூலக்கூறுகளின் விரவல் குணகம் எஸ்டருக்கு சுமார் 10⁻⁹ மீ²/வி, சோடியம் ஹைட்ராக்சைடுக்கு சுமார் 2×10⁻⁹ மீ²/வி. ஆரத்தின் வர்க்கத்தை 10⁻⁹ ஆல் வகுத்தால் 25,000 விநாடி வருகிறது. தங்கு நேரமோ 500 விநாடி. நடுவில் ஓடும் திரவத்துக்குச் சுவரோரத் திரவத்தோடு கலக்க நேரமே இல்லை. இந்த ஒரு வகுத்தல்தான் முழுக் கணக்கின் திசையைத் தீர்மானிக்கிறது.

பலரும் இங்கே ஒருபரிமாண மாடலுக்குப் போய், ஜி. ஐ. டெய்லர் 1953-இல் தந்த பரவல் வாய்ப்பாட்டைப் போடுகிறார்கள்: வேகத்தின் வர்க்கம் × ஆரத்தின் வர்க்கம் ÷ (48 × விரவல் குணகம்). இந்தக் குழாய்க்கு அது 0.21 மீ²/வி தரும். பெக்லே எண் (வேகம் × நீளம் ÷ இந்தப் பரவல்) சுமார் 1 ஆகிவிடும். 10 மீட்டர் நீளக் குழாய் ஏறக்குறைய ஒரு கலக்குத் தொட்டி போல நடந்துகொள்கிறது என்று பொருள்! வாய்ப்பாட்டில் குறை எதுவும் இல்லை. ஆரவாட்டு விரவல் முடிந்துபோன பிறகுதான் அது செல்லும். இங்கே விரவல் தொடங்கவேயில்லை. ஆகவே ஆரவாட்டையும் நீளவாட்டையும் சேர்த்துக் கணக்கிடும் மாடல் தேவை.

நீளவாட்டு விரவலை விட்டுவிடலாம்: வேகம் × நீளம் ÷ விரவல் குணகம் 2×10⁸. வெப்பத்தையும் இப்போதைக்கு விடலாம். இந்த வினை மோலுக்கு 80 கிலோஜூல் வெளிவிடுகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 50 மோல்/மீ³ முழுதும் வினைபட்டால் நீர் 1 கெல்வின்கூடச் சூடாகாது.

மூன்றாம் படி: விடையின் எல்லைகள்

வேக மாறிலி × நுழைவுச் செறிவு × தங்கு நேரம் = 0.11 × 0.05 × 500 = 2.75. இதுதான் டாம்கோலர் எண். இந்த ஒரே எண்ணிலிருந்து மூன்று கன்வர்ஷன்களை (நுழைந்த பொருளில் எத்தனை பங்கு வினைபட்டது என்பதை) கையால் பெறலாம்.

திரவம் முழுவதும் ஒரே வேகத்தில் போனால், அதாவது பிளக் ஓட்டமானால், 2.75 ÷ 3.75 = 73.3%.

முழுதும் கலக்கப்பட்ட ஒற்றைத் தொட்டியானால் 55.2%.

வரிச்சீர் ஓட்டத்தில் விரவலே இல்லாமல் ஒவ்வொரு வளையமும் தனித்தனியே ஓடினால், டாம்கோலர் எண் × [1 − (டாம்கோலர் எண் ÷ 2) × இயல் மடக்கை (1 + 2 ÷ டாம்கோலர் எண்)]. இது 68.3%.

உண்மையான குழாயில் சிறிதளவு விரவல் உண்டு. அது வளையங்களைக் கலந்து விடையைப் பிளக் ஓட்டத்தை நோக்கி நகர்த்தும். தங்கு நேரத்துக்கும் விரவல் நேரத்துக்கும் உள்ள விகிதம் எஸ்டருக்கு 0.02, ஹைட்ராக்சைடுக்கு 0.04 மட்டுமே. ஆகவே விடை 68.3-ஐ ஒட்டி, அதைவிடச் சற்றே கூடுதலாக வர வேண்டும். இந்த வரியைத் தாளின் மேலே பெரிதாக எழுதி வையுங்கள்.

வேக மாறிலி 10% கூடினாலோ குறைந்தாலோ என்ன ஆகும் என்பதையும் இப்போதே பாருங்கள்: 70.3%, 66.1%. உள்ளிடும் தரவே இரண்டு புள்ளி அளவுக்கு விடையை அசைக்கும்போது, கணக்குக்காகக் குழாயைப் பிரிக்கும் வலையை, விடை 0.001 புள்ளி வரை நிலைக்கும்படி நுணுக்குவது நேர விரயம். 0.1 புள்ளி போதும்.

நான்காம் படி: வளையங்களாகப் பிரித்தல்

ஆரத்தை 40 சம தடிமன் வளையங்களாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் 0.125 மி.மீ. ஒவ்வொரு வளையத்துக்கும் மூன்று எண்கள் வேண்டும்: குறுக்குப் பரப்பு, அதன் வழியே போகும் ஓட்டம், வெளி விளிம்பின் சுற்றளவு.

ஓட்டத்தை வளைய நடுவில் உள்ள வேகத்தை வைத்து எழுதாதீர்கள். பரவளையத்தைத் தொகையிட்டு எழுதுங்கள். விளிம்பின் ஆரத்தைக் குழாயின் ஆரத்தால் வகுத்து வர்க்கமாக்கினால் கிடைப்பதை ‘நிலை’ என்று வைத்துக்கொண்டால், வளையத்தின் ஓட்டம் = மொத்த ஓட்டம் × 2 × [(வெளி நிலை − உள் நிலை) − (வெளி நிலையின் வர்க்கம் − உள் நிலையின் வர்க்கம்) ÷ 2]. 40 வளையங்களையும் கூட்டினால் 1.571×10⁻⁶ மீ³/வி துல்லியமாக வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள். நடுப்புள்ளி வேகத்தைப் போட்டால் இந்தக் கூட்டல் சற்றே பிசகும். அந்தப் பிசகைப் பின்னால் ‘பொருள் இழப்பு’ என்று தேடி அலைய நேரிடும்.

ஒவ்வொரு வளையத்துக்கும், ஒவ்வொரு பொருளுக்கும் சமன்பாடு ஒன்று:

வளைய ஓட்டம் × (நீளவாட்டில் செறிவு மாறும் வீதம்) = வெளி விளிம்பு வழியே விரவி வருவது − உள் விளிம்பு வழியே விரவிப் போவது − வளையப் பரப்பு × வேக மாறிலி × எஸ்டர் செறிவு × ஹைட்ராக்சைடு செறிவு.

விளிம்பு வழி விரவல் = சுற்றளவு × விரவல் குணகம் × (அடுத்தடுத்த வளையங்களின் செறிவு வித்தியாசம்) ÷ வளையத் தடிமன். குழாயின் மையத்திலும் சுவரிலும் இது பூஜ்ஜியம். இரண்டு விரவல் குணகங்களும் வேறு என்பதால், நுழைவில் சமமாக இருந்த இரண்டு செறிவுகளும் உள்ளே ஓரிடத்தில் சமமாக இருக்காது. ஒன்றை மட்டும் கணக்கிட்டு மற்றதை அதிலிருந்து எடுக்கும் சுருக்குவழி இங்கே செல்லாது. மொத்தம் 80 மாறிகள்.

நீளவாட்டு விரவலை விட்டதன் பலன் இப்போது கிடைக்கிறது. நீளத்தை நேரம் போலப் பாவித்து, நுழைவாயிலில் தொடங்கி வெளிவாயில் வரை ஒரே நடையில் போய்விடலாம். சாதாரண வகைக்கெழுச் சமன்பாட்டுச் சால்வரே போதும். சாதாரண மடிக்கணினியில் நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: சால்வர்

பைதானில் சைப்பை (SciPy) நூலகத்தின் பிடிஎஃப் (BDF) அல்லது ராடௌ (Radau) முறையைத் தேர்ந்தெடுங்கள். சார்புப் பிழை வரம்பு (rtol) 10⁻⁶. செறிவு 50 என்ற அளவில் இருப்பதால் தனிப்பிழை வரம்பும் (atol) 10⁻⁶ போதும். செறிவை 0 முதல் 1 வரை சுருக்கி எழுதினால் தனிப்பிழை வரம்பையும் 10⁻⁸-க்கு இறக்குங்கள்.

ஏன் ஆர்கே45 (RK45) போன்ற வெளிப்படை முறை (அடுத்த படியை ஏற்கெனவே தெரிந்த மதிப்புகளை மட்டும் வைத்துக் கணக்கிடுவது) கூடாது? உண்மையான விரவல் குணகத்துக்கு அது ஓடிவிடும். அடுத்து வரும் சோதனைக்காக விரவலை 10⁻⁵ ஆக உயர்த்தும்போதுதான் சிக்கும். சுவரோர வளையத்தின் சராசரி வேகம் 0.001 மீ/வி மட்டுமே. அங்கே படியின் நீளம் சில மைக்ரோமீட்டருக்கு மேல் போக முடியாது. 10 மீட்டரைக் கடக்க லட்சக்கணக்கான படிகள் ஆகும். வளைய எண்ணிக்கையை இரட்டித்தால் தடிமனும் பாதியாகும், சுவரோர வேகமும் பாதியாகும். படியின் நீளம் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

மாறிகளை எஸ்டர்-1, ஹைட்ராக்சைடு-1, எஸ்டர்-2, ஹைட்ராக்சைடு-2 என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். ஒவ்வொரு மாறியும் தனக்கு இரண்டு இடம் முன்னும் பின்னும் உள்ளவற்றை மட்டுமே தொடும். அந்தத் தொடர்பு வடிவத்தைச் சால்வருக்குச் சொல்லிவிட்டால் வேலை வெகுவாகக் குறையும்.

செறிவு எங்காவது −10⁻⁷ என்று வந்தால் பதறி, சமன்பாட்டுக்குள் ‘பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் பூஜ்ஜியமாக்கு’ என்று எழுதாதீர்கள். அது பொருள் சமநிலையைக் கெடுக்கும்; சால்வரின் படிகளையும் தடுமாறவைக்கும். பிழை வரம்பை இறுக்குவதே சரியான மருந்து.

ஆறாம் படி: வெளிவாயிலில் எந்தச் சராசரி?

இந்த இடத்தில் தவறுபவர்கள் அதிகம். குழாயின் வாயில் வாளியை வைத்துப் பிடித்தால் என்ன செறிவு கிடைக்குமோ, அதுதான் விடை. வேகமாக ஓடும் வளையம் வாளிக்குள் அதிகம் கொட்டும். ஆகவே ஒவ்வொரு வளையத்தின் செறிவையும் அதன் ஓட்டத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த ஓட்டத்தால் வகுக்க வேண்டும்.

பரப்பால் சராசரி எடுத்தால் என்ன ஆகும்? விரவல் இல்லாத நிலையில் அது (டாம்கோலர் எண் ÷ 2) × இயல் மடக்கை (1 + 2 ÷ டாம்கோலர் எண்), அதாவது 75.1%. இது பிளக் ஓட்டத்தின் 73.3-ஐயும் தாண்டுகிறது. சுவரோரம் தேங்கி முழுதும் வினைபட்ட திரவத்துக்குத் தகுதிக்கு மீறிய எடை போனதே காரணம். மூன்றாம் படியில் எல்லையை எழுதி வைத்தவர் இதைக் கண்டவுடனே பிடித்துவிடுவார். படம் வரையும் மென்பொருள்களில் ‘சராசரி’ என்ற பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் பரப்புச் சராசரிதான் வரும். ஓட்ட எடையை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஏழாம் படி: புரோகிராமைச் சோதித்தல்

விரவலைப் பூஜ்ஜியமாக்கி ஓட்டுங்கள்: 68.3 வர வேண்டும். இரண்டு பொருள்களின் விரவலையும் 10⁻⁵ மீ²/வி ஆக்கி ஓட்டுங்கள்: 73.3 வர வேண்டும். இரண்டும் வந்தால் ஓட்டம், வினை, விரவல், சராசரி நான்கும் சரியாக எழுதப்பட்டுள்ளன என்று ஓரளவு நம்பலாம். முதலாவது சரியாகி இரண்டாவது தவறினால் பிழை விரவல் வரியில் இருக்கிறது. பெரும்பாலும் சுற்றளவுக்குப் பதில் பரப்பைப் போட்டிருப்பீர்கள்.

அடுத்தது பொருள் சமநிலை. நுழைவில் இரண்டும் சமம், ஒன்றுக்கு ஒன்று வினைபடுகின்றன. ஆகவே விரவல் குணகங்கள் வேறாக இருந்தாலும், எந்த நீளத்தில் பார்த்தாலும் ஓட்ட எடையிட்ட எஸ்டரும் ஹைட்ராக்சைடும் சமமாகவே இருக்க வேண்டும். ஆறாவது இலக்கத்துக்கு முன் வித்தியாசம் தெரிந்தால் எங்கோ ஒரு விளிம்பில் ஒரு வளையம் கொடுத்ததை அடுத்தது வாங்கவில்லை.

பிறகு 20, 40, 80 வளையங்களுக்கு ஓட்டுங்கள். அடுத்தடுத்த விடைகளின் வித்தியாசம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். பாதியாக மட்டும் குறைந்தால் ஏதோ ஓர் எல்லையில் முதல்படித் துல்லியம் (பிழை வளையத் தடிமனின் வர்க்கத்தோடு குறையாமல் தடிமனோடு மட்டும் குறைவது) நுழைந்திருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். வளையங்களைக் கூட்டி மறைக்காதீர்கள்.

செறிவு கூடினால்: வெப்பச் சமன்பாடு

தலா 0.5 மோல்/லிட்டர் ஆக்கினால் கதை மாறுகிறது. மோலுக்கு 55 கிலோஜூல் என்று குறைவாக வைத்தாலும், வெப்பம் வெளியேறாவிட்டால் நீர் 6 கெல்வினுக்கு மேல் சூடாகும். வேக மாறிலி ஒன்றரை மடங்காகும். வினையின் காலஅளவு 1 ÷ (0.11 × 0.5) = 18 விநாடி. பாதி வினை முதல் 36 செ.மீ.-க்குள் முடிந்துவிடும். நீரின் வெப்ப விரவல் சுமார் 1.4×10⁻⁷ மீ²/வி என்பதால் சுவர் வழியே வெப்பம் போக 30 விநாடி அளவில் ஆகும். வெப்பம் உண்டாகும் வேகமும் போகும் வேகமும் ஒரே அளவில் இருப்பதால், ‘வெப்பநிலை மாறாது’, ‘வெப்பம் வெளியேறாது’ என்ற இரண்டு சுருக்குவழிகளும் அடைபடுகின்றன. ஒவ்வொரு வளையத்துக்கும் வெப்பநிலை என்ற மூன்றாவது மாறியைச் சேருங்கள்.

குழாய் கிடையாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. 5 கெல்வின் வேறுபாட்டுக்கு கிராஷாஃப் எண் (மிதப்பு விசையைப் பாகுநிலை விசையோடு ஒப்பிடுவது) சுமார் 16,000. ரெனால்ட்ஸ் எண்ணின் வர்க்கமோ சுமார் 50,000. விகிதம் 0.3. சூடான நீர் மேலே ஏறத் தொடங்கிவிடும். வளையங்கள் என்ற சமச்சீரே உடைந்துபோகும். அப்போது முப்பரிமாணக் கணக்கைத் தவிர வேறு வழியில்லை.

சுருள் குழாயும் முப்பரிமாண வலையும்

10 மீட்டர் குழாயை யாரும் நேராக வைப்பதில்லை, சுருட்டுவார்கள். 30 செ.மீ. விட்டத்தில் சுருட்டினால் டீன் எண் (ரெனால்ட்ஸ் எண் × குழாய் விட்டம் ÷ சுருள் விட்டம் என்பதன் வர்க்கமூலம்) சுமார் 41. ரெனால்ட்ஸ் எண்ணுக்குச் சிறியதுதான். ஆனால் இந்தத் திரவத்தின் ஷ்மிட் எண் (இயக்கப் பாகுநிலை ÷ விரவல் குணகம்) சுமார் 890. டீன் எண்ணின் வர்க்கத்தை அதனால் பெருக்கினால் 15 லட்சம் வருகிறது. வளைவு உண்டாக்கும் மெல்லிய குறுக்குச் சுழலே நடுத் திரவத்தைச் சுவருக்கும் சுவர்த் திரவத்தை நடுவுக்கும் கொண்டுபோய்விடும். விரவல் அதன் பக்கத்தில்கூட வர முடியாது. நேர்க்குழாய் மாடல் இங்கே செல்லாது. விடை 68.3-இலிருந்து 73.3-ஐ நோக்கி நகரும்.

இதை ஓப்பன்ஃபோம் போன்ற மென்பொருளில் கணக்கிடும்போது ஒரு பொறி இருக்கிறது. முதல்படி அப்விண்ட் முறை (வலையின் ஒவ்வொரு செல்லின் எல்லையிலும், ஓட்டம் வரும் பக்கத்துச் செல்லின் மதிப்பையே எடுப்பது), ஓட்டத்துக்குச் சாய்வாக இருக்கும் வலையில், செயற்கையான குறுக்கு விரவலை நுழைக்கும். அதன் அளவு வேகம் × செல் அளவில் ஒரு பங்கு. 0.5 மி.மீ. செல்லுக்கு அது 10⁻⁶ மீ²/வி என்ற அளவில் இருக்கும். உண்மை விரவலைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல்! ஏழாம் படியில் வேண்டுமென்றே விரவலை உயர்த்தி 73.3-ஐ வரவழைத்தோமே, அதையே இந்த முறை சொல்லாமல் செய்துவிடும். வலையின் கோடுகளைக் குழாயின் அச்சோடு வளைத்து அமையுங்கள், இரண்டாம்படி முறையைப் பயன்படுத்துங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முதலில் நேர்க்குழாயை அதே மென்பொருளில் விரவல் இல்லாமல் ஓட்டி, 68.3 வருகிறதா என்று பாருங்கள்.

ஆய்வக அளவோடு ஒப்பிடுதல்

மின்கடத்துதிறன் இந்த வினைக்கு வசதியான அளவு: ஹைட்ராக்சைடு அயனியின் மோலார் கடத்துதிறன் சுமார் 198, அதன் இடத்துக்கு வரும் அசிட்டேட்டினுடையது சுமார் 41 சீமன்ஸ்·செ.மீ²/மோல். கடத்துதிறன் டிகிரிக்கு சுமார் 2% மாறும் என்பதால் வெப்பநிலையைக் கூடவே பதியுங்கள். ஹைட்ராக்சைடு கரைசல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி வலுவிழக்கும். அன்றே தயாரித்து அன்றே டைட்ரேட் செய்யுங்கள்.

ஓட்டத்தைத் தொடங்கியதும் அளக்காதீர்கள். வரிச்சீர் ஓட்டத்தில் தங்கு நேரத்தின் மூன்று மடங்கு கழிந்த பிறகும் வெளிவருவதில் 2.8% பழைய திரவம். ஐந்து மடங்கு கழிந்தால் 1%. ஆகவே 2,500 விநாடி காத்திருங்கள்.

இனி முக்கியமானது. அளவு 68.3 வந்தது என்று வைத்துக்கொள்வோம். பிளக் ஓட்டம் என்று நம்பும் ஒருவர் அதிலிருந்து வேக மாறிலியைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் 0.086 பெறுவார், உண்மையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஓட்டத்தைப் பாதியாக்கிச் சோதித்தால் அவருடைய மாடல் 81.2 சொல்லும், குழாய் 80.9 தரும். இரட்டித்தால் அவர் 51.9 சொல்வார், குழாய் 52.6 தரும். அளவீட்டுப் பிழைக்குள் எல்லாம் பொருந்திப்போகும்! தவறான மாடலும் தவறான மாறிலியும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். அதே 0.086-ஐ எடுத்துக்கொண்டு 500 விநாடித் தங்கு நேரமுள்ள கலக்குத் தொட்டியை வடிவமைத்தால்தான் குட்டு வெளிப்படும்: அவர் 51.3 எதிர்பார்ப்பார், தொட்டி 55.2 தரும்.

ஆகவே வேக மாறிலியை அதே குழாயிலிருந்து எடுக்காதீர்கள். வெப்பநிலை மாறாத பீக்கரில், நன்றாகக் கலக்கிக்கொண்டே தனியாக அளந்து எடுங்கள். ஓட்டத்தின் வடிவத்தையும் வினை இல்லாமல் தனியாகச் சோதியுங்கள். நீரோட்டத்துக்கு நடுவே உப்புக் கரைசலுக்கு மாற்றி, வெளிவாயிலில் கடத்துதிறனைப் பாருங்கள். உப்பு மிகவும் நீர்த்ததாக, 0.005 மோல்/லிட்டர் அளவில் இருக்கட்டும்; அடர்த்தி கூடினால் கிடைக்குழாயின் அடியில் படிந்து ஓட்டத்தையே மாற்றிவிடும். நேர்க்குழாயில் வரிச்சீர் ஓட்டம் உண்மையானால் முதல் உப்பு 250-ஆவது விநாடியை ஒட்டித் தென்பட வேண்டும், அதாவது தங்கு நேரத்தின் பாதி. 400-ஐத் தாண்டித்தான் வருகிறது என்றால் குழாய்க்குள் ஏதோ கலக்கிக்கொண்டிருக்கிறது: சுருளின் வளைவோ, பம்ப்பின் துடிப்போ, வெப்பமோ. எது என்று கண்டுபிடித்து மாடலில் சேர்க்கும் வரை கன்வர்ஷனை ஒப்பிட வேண்டாம்.